பாலையூற்று வயரிங் நானாவும் என் வேனின் கிளட்ச் சுவிட்சும்

பெயர்ப்பலகை இல்லாத கராஜ். திருகோணமலையில் அனுராதபுரச் சந்தி தாண்டிக் கண்டி வீதியால் பாலையூற்றுப் பக்கம் போகும்போது, ஒரு வேப்பமரத்தடியில் பழைய பட்டரிகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருக்கும். அதுதான். நடத்துகிறவர் கிண்ணியாவில் இருந்து தினமும் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிற நானா. வாகன வயரிங் மட்டும்தான் செய்வார். எஞ்சின், பிரேக் என்று கேட்டால் வேறு இடம் காட்டிவிடுவார்.

என்னிடம் இருப்பது மேனுவல் கியர் சுசுகி எவரி வேன். விடிய 5 மணிக்கு ரோல்ஸ், பெட்டிஸ், வடை ஏற்றிக்கொண்டு இரண்டு பாடசாலைக் கன்டீனுக்கும் ஒரு தேநீர்க் கடைக்கும் போட வேண்டும். ஒரு நாள் திறப்பைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை. டாஷ்போர்டில் லைட் எரிகிறது, ஹோர்ன் அடிக்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் ஒரு ‘டக்’ கூடச் சொல்லவில்லை. கிளட்சை மிதித்து மிதித்துப் பார்த்துக் கால் வலித்ததுதான் மிச்சம்.

அவசரத்துக்குப் பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டேன் (யார் என்று சொல்லப்போவதில்லை). அவர் பெடலுக்குக் கீழே தலையை விட்டு, 10 நிமிடத்தில் இரண்டு வயரை வெட்டி ஒன்றாக முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினார். வேன் உடனே ஸ்டார்ட். “இனி கிளட்ச் மிதிக்கவே தேவையில்லை அக்கா, சும்மா திறப்பைத் திருப்புங்க” என்றார், ஏதோ இனாமாகத் தந்த மாதிரி. 1500 ரூபாய். அன்றைக்கு எனக்கும் அது பெரிய உதவியாகத்தான் தெரிந்தது.

இரண்டு மாதம் ஓடியது. இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு உவர்மலையில், சரிவான முற்றம். ஹேண்ட்பிரேக் கேபிள் தளர்ந்து கிடப்பதால் வேனை எப்போதும் முதலாம் கியரில் போட்டுத்தான் நிறுத்துவேன். ஒரு பின்னேரம் மகன் போனுக்குச் சார்ஜ் போட, வெளியே நின்றபடியே யன்னலுக்குள்ளால் கையை விட்டுத் திறப்பைத் திருப்பினான். ஒரு சுற்று கூடிவிட்டது. வேன் ஒரு துள்ளுத் துள்ளி மூன்று அடி தூரம் முன்னுக்குப் பாய்ந்தது. வாசலில் அடுக்கி வைத்திருந்த மூன்று தட்டு முட்டை, 90 முட்டை, சட்னி. அதை விடுங்கள். டயர் அவனுடைய செருப்பு நுனியில் ஏறி நின்றது. கால் உள்ளே இருந்தது, ஆனால் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தது. பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்ததற்கு அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த நாளே நானாவிடம் போனேன். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குந்தியிருந்து, கால்மிதியைத் தூக்கிப் பார்த்தார். மூலையில் மஞ்சளாய்க் கொஞ்சம் தூள். நான் வெட்கப்பட்டு, “பெட்டிஸ் தூள் நானா, எவ்வளவு கூட்டினாலும் போகுதில்லை” என்றேன். அவர் ஒரு துண்டை இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தார். “இது பெட்டிஸ் இல்ல தங்கச்சி. உங்கட வேன்ட பெடல்.”

விஷயம் இதுதான். கிளட்ச் பெடலின் கம்பியில் ஒரு சின்ன ஓட்டை. அதில் ஒரு ரூபாய் நாணயம் அளவு பிளாஸ்டிக் அடைப்பு ஒன்று மாட்டியிருக்கும். பெடலை அடிவரை மிதித்தால் அந்த அடைப்புப் போய் கிளட்ச் சுவிட்சின் முனையை அமுக்கும், உள்ளே தொடுப்பு சேரும், அப்போதுதான் திறப்பில் இருந்து ஸ்டார்ட்டர் ரிலேக்கு மின்சாரம் போகும். வருடக்கணக்கில் சூடும் உப்புக்காற்றும் பட்டு அந்தப் பிளாஸ்டிக் பொரிந்து கொட்டிவிட்டது. அதற்குப் பிறகு சுவிட்ச் முனை நேரே ஓட்டைக்குள் போய்விடுகிறது, அமுங்குவதில்லை. சுவிட்சில் ஒரு பிழையும் இல்லை. நானா அதைக் கழற்றி, மல்டிமீட்டரின் இரண்டு கம்பியையும் வைத்து, முனையைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். ‘பீப்’. விட்டார், சத்தம் நின்றது. இதைப் பார்க்க எனக்கே ஒரு நிமிடம் போதும். நான் இரண்டு மாதமாகக் கூட்டி எறிந்துகொண்டிருந்தது காரணத்தை.

முதலில் வந்தவர் வெட்டி முறுக்கியது இந்தச் சுவிட்சின் இரண்டு வயரையும்தான், அதனால்தான் கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் ஆனது. டேப்பைப் பிரித்தால் முறுக்கிய செம்பு ஏற்கெனவே பச்சை பிடித்திருந்தது. வெட்டின வயரைச் சீராக்கி ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டுக்குச் சுருங்கும் குழாய் போட்டார். பிறகு ஒரு பழைய தகர டப்பாவைத் திறந்து, ஐந்தாறு அடைப்புகளில் ஒன்றைத் தேடி எடுத்து ஓட்டையில் ‘டிக்’ என்று மாட்டினார். அடைப்பு 250 ரூபாய், கூலி 1200. ஒரு சின்ன போல்ட்டும் நட்டும் போட்டாலும் வேலை செய்யுமாம். ஆனால் இரும்பு நாளடைவில் சுவிட்ச் முனையைத் தின்றுவிடும் என்று போடவில்லை.

கூட வந்த என் மைத்துனருக்கு வாய் சும்மா இருக்காது. ரயில் கடவையில் வண்டி நின்றுபோனால் கியரில் போட்டு ஸ்டார்ட்டராலேயே இழுத்து வெளியே எடுக்கலாம், இந்த சுவிட்ச் இருந்தால் அது முடியாது என்றார். கிளட்சை மிதித்து ஸ்டார்ட் பண்ணினால், எண்ணெய் ஏறுவதற்கு முன்னம் எஞ்சினுக்குள் கிராங்க் தண்டைத் தாங்குகிற வொஷர் தேயும் என்றும் சொன்னார். நானா மறுக்கவில்லை. “ரெண்டும் உண்மைதான். சில டொயோட்டாவில கம்பெனியே கிளட்ச் ஸ்டார்ட்டை நிப்பாட்ட ஒரு பட்டன் வச்சிருக்கான், மலையில, சேத்தில ஓட்டுறவங்களுக்கு. அது அமத்தினா மட்டும்தான். இவங்கட வேனுக்கு டேப் சுத்தினது எந்நேரமும்.” ஜப்பானில் 1999 முதல் மேனுவல் வாகனங்களுக்கு இந்த சுவிட்ச் கட்டாயம் என்றும் அவர்தான் சொன்னார். வேனைக் கியரில் நிறுத்துகிற வீட்டுக்கு அதை ஏன் எடுக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டபோது மைத்துனர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

குறை இல்லையா? இருக்கிறது. போன் எடுக்கவே மாட்டார். ஒரு மணித்தியாலம் என்றார், பின்னேர அஸர் பாங்கு சொல்லும்வரை இருக்க வைத்தார், நடுவில் வந்த மூன்று ஆட்டோக்களையும் பார்த்துக்கொண்டு. இருக்க ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரை, அதிலும் ஒரு காலுக்குக் கீழே செங்கல். பில் கேட்டால் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தருகிறார். சீட் உறையில் கிறீஸ் விரல் அடையாளம் இன்னும் போகவில்லை. வேலைக்கு 5க்கு 5 கொடுப்பேன், மற்றதெல்லாவற்றுக்கும் 2.

போகிறவர்கள் காலை 9 மணிக்கு முன்னம் போங்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆவுக்கு மூடிவிட்டு எப்போது திறப்பார் என்று அவருக்கே தெரியாது. சில்லறையோடு போங்கள். எதிரில் இருக்கிற தேநீர்க் கடையில் பிளேன் டீ நன்றாக இருக்கும். ரோல்ஸ் மட்டும் வாங்க வேண்டாம், அது என்னுடையது இல்லை.