சாகக் கிடந்த ஹார்ட் டிஸ்க்கும் 61 வீட்டு மொய்க் கணக்கும்: டிடிரெஸ்க்யூவோடு மூன்று வருஷம்

பேராவூரணியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் வருஷம் முழுக்க வரும். ஆடி, ஆவணியில் மட்டும் மொய் விருந்துக் கணக்குதான் வேலை. பந்தலில் எழுதிய நோட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஊர், பெயர், தொகை என்று எக்செல்லில் அடித்து, ஊர்வாரியாகப் பிரித்து, பிரிண்ட் எடுத்துத் தைத்துக் கொடுப்பேன். 2022இல் என் கம்ப்யூட்டரில் 61 வீட்டுக் கணக்கு இருந்தது. கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து அதை மீட்டுத் தந்த டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைப் பற்றித்தான் இது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் ஊரில் தென்னையோடு கூரைகளும் போயின. பீரோவில் இருந்த மொய் நோட்டுகள் நனைந்து மை கரைந்துவிட்டது. அப்படி நோட்டைப் பறிகொடுத்த சில வீடுகளுக்கு, யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்கு என் ஹார்ட் டிஸ்க்தான் ஒரே சாட்சி. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை விருந்து வைக்கிற வீட்டில் அந்தப் பட்டியல் இல்லையென்றால் மானப் பிரச்சினை.

அந்த டிஸ்க் 2013இல் வாங்கிய 500 ஜிபி. 2022இல் ஆடி பிறக்க ஒன்பது நாள் இருக்கும்போது கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே பத்து நிமிஷம் எடுத்தது. ஒரு போல்டரைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். கேபினட்டில் காதை வைத்தால், சன்னமாகச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி அதே சத்தம். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. செக்டார் என்பது டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னக் கட்டம். 'படிக்கக் காத்திருக்கும் செக்டார்', அதாவது படிக்கத் தடுமாறும் கட்டங்கள், என்ற வரியில் 158 என்று இருந்தது. அந்த மென்பொருள் எண்ணைப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் முறையில்) காட்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நம் கணக்கில் அது 344. மறுநாள் பார்க்கும்போது இன்னும் ஏறியிருந்தது. எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கேபிளில் கோளாறு இருந்தால் 'சி7' என்ற வரிதான் ஏறும். அது எனக்குப் பூஜ்யமாகவே இருந்தது.

வழக்கமாக வரும் மெக்கானிக் தம்பி, "அக்கா, செக்டிஸ்க் ஓட்டிப் பார்ப்போம், சரியாகலைன்னா பார்மட் போட்டுடலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. செக்டிஸ்க் என்பது டிஸ்க்கின் மேலேயே எழுதித் திருத்துகிற வேலை. நல்ல டிஸ்க்கில் கரண்ட் போய்க் குழம்பினால் அது உதவும். தட்டே கெட்டுப்போகிற டிஸ்க்கில் ஓட்டினால், படிக்க முடியாத இடத்தைப் பழுதென்று கருதி, பைல் இருந்த தடயத்தையே அழித்துவிடக்கூடும். போதாததற்கு, மணிக்கணக்காக டிஸ்க்கை வாட்டும். கம்ப்யூட்டரை அணைத்து, அந்த டிஸ்க்கிலிருந்து மறுபடி பூட் பண்ணுவதில்லை என்று முடிவெடுத்தேன். இந்த மூன்று வருஷத்தில் யார் வந்து கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: மொத்தமாக ஒரு நகல் எடுத்த பிறகுதான் மற்ற எந்த வைத்தியமும்.

நகல் எடுக்க நான் பயன்படுத்தியது குனூ டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதியது, 2004 முதல் இருக்கிறது, இலவசம். விண்டோஸுக்குப் பதிலாகப் பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை அதில் ஏற்றினால் அதற்குள்ளேயே இது வந்துவிடும். திருச்சியில் படிக்கும் என் சித்தி மகன் போனிலேயே வழி சொன்னான்.

இது வேலை செய்யும் விதம் எனக்கு உடனே பிடிபட்டது. சம்பா சாய்ந்து தண்ணீர் நின்றால் நாம் என்ன செய்வோம்? நிற்கிற கதிரை முதலில் அறுத்துக் கரையேற்றிவிட்டு, சாய்ந்ததை அப்புறம் கையால் பார்ப்போம். டிடிரெஸ்க்யூவும் அப்படித்தான். சுலபமாகப் படிக்க வருகிற இடத்தையெல்லாம் முதலில் அள்ளிவிடும், இடறுகிற இடத்தைத் தாண்டிப் போய்விடும். பிறகு திரும்பி வந்து, கெட்ட இடத்தின் ஓரங்களைச் செதுக்கும். கடைசியில்தான் செக்டார் செக்டாராகச் சுரண்டும். விண்டோஸில் காப்பி, பேஸ்ட் போட்டால் முதல் கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்துக்குள் மீதி இடமும் கெட்டுப்போகலாம்.

எது எங்கே வந்தது, எது வரவில்லை என்பதை மேப்ஃபைல் என்ற ஒரு சின்னப் பைலில் குறித்துக்கொண்டே போகும். தொடங்கி இருபது நிமிஷம் ஆனபோது சித்தி மகன் கேட்டான்: "அக்கா, அந்த மேப்ஃபைலை எங்க வச்சிருக்கீங்க?" பார்த்தால் பென்டிரைவ் லினக்ஸின் போல்டரில், அதாவது வெறும் ராமில் இருக்கிறது. கரண்ட் போயிருந்தால் அதுவும் போயிருக்கும். உடனே நிறுத்தி, நகல் இருக்கும் வெளி டிஸ்க்குக்கே மாற்றினேன். டெல்டாவில் உட்கார்ந்து இதைச் செய்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு கரண்ட் போனது. யூபிஎஸ் பதினைந்து நிமிஷம் தாங்கும். கன்ட்ரோலும் சியும் அழுத்தி நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அதே மேப்ஃபைலைக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இந்த மென்பொருளின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்தக் காலையில்தான்.

வெளி டிஸ்க் 1 டிபி, அப்போது நாலாயிரம் ரூபாய் சொச்சம். அது ஃபேட்32 என்ற பழைய பார்மட் முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே பைலாக எழுத முடியாது. அதனால் முதலில் வேறு முறையில் பார்மட் செய்ய வேண்டியிருந்தது. எது பழைய டிஸ்க், எது புதியது என்று கொள்ளளவையும் சீரியல் எண்ணையும் ஒட்டிப் பார்த்து, ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொண்டேன். இரண்டும் இடம் மாறிவிட்டால் வெறும் டிஸ்க்கைப் பழைய டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். அதற்கு மேல் மீட்பதற்கு எதுவும் இருக்காது.

சுரண்டும் கட்டத்தைத் தவிர்த்து ஓட்டிய முதல் சுற்று ஒன்பது மணி நேரம். அதிலேயே ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது. மீதியைச் சுரண்ட இரண்டு நாள் ஆனது. கேபினட்டைத் திறந்து, டேபிள் ஃபேனை டிஸ்க்குக்கு நேராக வைத்தேன். கடைசியில் வராமல் போனது 3.6 எம்பி. 500 ஜிபியில் 3.6 எம்பி!

ஆனால் அந்த 3.6 எம்பி எந்தப் பைலில் விழுந்தது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கும் டிடிரெஸ்க்யூவில் வழி இருக்கிறது. படிக்க முடியாத இடங்களை மட்டும் நாம் கொடுக்கும் ஒரு தனிச் சொல்லால் நகலில் நிரப்பச் சொல்லலாம். பிறகு எந்தப் பைலில் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடினால் அடிபட்ட பைல்கள் அகப்பட்டுவிடும். மூன்று பைல். இரண்டு பழைய பத்திரிகைப் போட்டோக்கள். மூன்றாவது, குருவிக்கரம்பை வீடு ஒன்றின் மொய்க் கணக்கு.

அது பழைய எக்ஸெல்எஸ் வடிவத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. புதிய எக்ஸெல்எஸ்எக்ஸ் உள்ளுக்குள் சுருக்கிக் கட்டிய ஜிப் பொட்டலம். நடுவில் ஓட்டை விழுந்தால் பல சமயம் திறக்கவே திறக்காது. பழையது லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தது. 16 பெயர்கள் மட்டும் சிதைந்திருந்தன.

இன்னொரு சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. என் பழைய கணக்கெல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். நகலுக்குள் விண்டோஸின் ஃபான்ட்ஸ் போல்டரைத் தேடி பாமினியை எடுத்துப் போட்ட பிறகுதான் ஆவணம், செருவாவிடுதி, பெருமகளூர் என்று ஊர்கள் வரிசையாக முளைத்தன. டிடிபி வேலை பார்ப்பவர்கள் பேக்கப் எடுக்கும்போது எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள். அதற்குப் பிறகு நான் புதிய கணக்கு எல்லாவற்றையும், தனி எழுத்துரு தேவைப்படாத யூனிகோடில்தான் அடிக்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு 480 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்கினேன். 500 ஜிபி நகல் அதில் அப்படியே ஏறாது என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பைல்களை மட்டும் கொண்டுவந்தேன். பேஜ்மேக்கரையும் மற்றதையும் திரும்ப நிறுவ ஒரு நாள் போனது. பத்து நிமிஷம் எடுத்த கம்ப்யூட்டர் இப்போது அரை நிமிஷத்துக்குள் எழுந்துவிடுகிறது. மூன்று வருஷம் தாண்டியும் அதன் ஆரோக்கியம் 96 சதவீதம் காட்டுகிறது. ஆனால் அந்த எண்ணை நம்பிச் சும்மா இருக்க மாட்டேன். ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டாவது சொல்லும். எஸ்எஸ்டி பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல் போய்விடும். அமாவாசைக்கு அமாவாசை இரண்டு வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறேன். ஒன்று வீட்டில், இன்னொன்று பட்டுக்கோட்டையில் தங்கச்சி வீட்டில். கஜாவுக்குப் பிறகு ஒரே கூரைக்கு அடியில் இரண்டையும் வைக்க மனம் வரவில்லை.

டிடிரெஸ்க்யூவில் குறை இல்லாமல் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், கைப்பிழைக்கு மன்னிப்பு கிடையாது. டிஸ்க்கையே கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் இதனால் ஒன்றும் ஆகாது. போன வருஷம் ஒரு ஸ்டூடியோக்காரர் டக், டக் என்று சீராக அடித்துக்கொள்ளும் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். அது ஹெட், அதாவது தட்டைப் படிக்கும் பாகம், போனதன் அடையாளம். நான் ஒரு முறைக்கு மேல் மின்சாரமே கொடுக்கவில்லை. தூசி புகாத அறை வைத்திருக்கும் லேபுக்கு அனுப்பச் சொன்னேன். வீட்டில் மூடியைத் திறப்பதும் பிரிட்ஜில் வைப்பதும் வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றுக்கு, குளிர்ந்து வெளியே வரும் டிஸ்க்கில் தண்ணீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும்.

குருவிக்கரம்பை ஆத்தாவிடம் அந்த 16 பெயரையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பட்டியலை மகளை விட்டு உரக்கப் படிக்கச் சொன்னார். முன்னே வரும் பெயர், பின்னே வரும் பெயர் என்று கேட்டுக்கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு 14 பேரைச் சொல்லிவிட்டார். நான் அடித்துக்கொண்டே வந்தேன். மிச்சம் இரண்டு வரி காலியாகத்தான் இருக்கிறது. ஆடிப் பந்தலில் திருச்சிற்றம்பலத்துக்காரர்கள் வரும்போது கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று ஆத்தா சொல்லியிருக்கிறார்.