நான்கு தாடைச் சக்: ஆறு ஆண்டுகளும் ஒரு திருகும்

போட்டி ரைஃபிள் குழல்களை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) மையப்படுத்த எந்தச் சக்கை, அதாவது குழலைப் பிடித்துச் சுழற்றும் பிடியை, வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அதே வாரத்தில்தான் என்னுடைய 200 மி.மீ. நான்கு தாடைச் சக்கை முழுவதும் பிரித்து, துடைத்து, எண்ணெயிட்டு மீண்டும் பூட்டியிருந்தேன். ஆறு ஆண்டுகளாக இதனோடு வேலை செய்த அனுபவத்தை அவருக்குச் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்.

குழலில் நாம் மையப்படுத்த வேண்டியது துளையை. மூன்று தாடைச் சக்கும் கோலெட்டும் (பிளவுபட்ட வளையப் பிடி) பிடிப்பதோ வெளிப்புறத்தை. நீளமான துளையைப் போடும்போது துரப்பணம் சிறிது சிறிதாக விலகி ஓடுவது இயல்பு என்பதால், வெளிப்புறம் டயலில் (மிகச்சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவியில்) அசையாமல் நின்றாலும் உள்ளே துளை ஆடிக்கொண்டிருக்கக்கூடும். பக்கவாட்டில் நகர்த்திச் சரிசெய்யக்கூடிய மூன்று தாடைச் சக்குகளும் உண்டு. அவை இடத்தைத் திருத்தும், சாய்வைத் திருத்தா. ஆகவே இந்த வேலைக்கு நான்கு தாடைகளும் தனித்தனியே நகரும் சக்தான் பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நான்கு தாடைச் சக் என்றால் நேரம் பிடிக்கும் என்று பலரும் தயங்குகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், தாடைத் திருகுகளைத் திருப்பும் சாவியில் இரண்டாவது ஒன்றைச் செய்துகொள்ளும் வரை. எதிரெதிர்த் தாடைகள் இரண்டையும் கிடைமட்டத்தில் நிறுத்தி, முன்பக்கம் ஒரு சாவியும் பின்பக்கம் ஒரு சாவியுமாகப் பிடித்து, ஒன்றைத் தளர்த்தும் அளவுக்கே மற்றதை இறுக்கினால், துளைக்குள் நிற்கும் டயலின் முள் கையோடு கூடவே நகர்ந்து வருவதைக் காணலாம். ஒரு முழுச் சுற்றில் முள் 0.08 மி.மீ. காட்டினால் உண்மையான விலகல் அதில் பாதிதான், 0.04 நகர்த்தினால் போதும். இது கைக்குப் பழகிய பிறகு, துளையை 0.005-க்குள் கொண்டுவருவது எனக்குச் சில நிமிட வேலையாகிவிட்டது. (இரண்டு சாவிகளையும் எடுத்துக் கீழே வைத்த பிறகே கை சுவிட்சுக்குப் போக வேண்டும், இரண்டு இருக்கும்போது ஒன்றை மறப்பது எளிது.)

தாடைகளின் நீளமும் கவனிக்க வேண்டியது. நீண்ட தாடை குழலை நெடுகப் பிடித்துக்கொள்கிறது. அந்நிலையில் ஸ்பிண்டிலின், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டின், பின்முனையில் குழலைச் சுற்றி நிற்கும் ஸ்பைடர் திருகுகளால் மறுமுனையைத் தள்ளினால், குழல் சாய்வதற்குப் பதிலாக வளைகிறது. டயல் சரியாகக் காட்டும்; கழற்றியதும் குழல் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நான் குழலைச் சுற்றி ஒரு செம்புக் கம்பி வளையத்தை இட்டு, தாடைகள் அதன்மேல் மட்டும் படும்படி இறுக்குகிறேன். குழல் அந்த ஓரிடத்தில் கீல்போல் சாய்ந்து கொடுக்கிறது. முன்னும் பின்னும் மாறி மாறிப் பார்த்து நேராக்கிவிடலாம்.

இத்தனை நன்மைகளுக்கும் இடையே, முதல் மாதத்திலிருந்து என் பொறுமையைச் சோதித்து வருவது மூன்றாம் தாடையின் திருகு. மற்ற மூன்றும் சீராக இறுகும். இது மட்டும் கடைசிக் கால் சுற்றில் அடம்பிடித்து நின்று, பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும். அந்த நொடியில் முள் 0.02 தாண்டிவிடும். கடைசலில் விழும் உலோகச் சுருள் சிக்கியிருக்கும் என்றே இத்தனை ஆண்டுகளும் நம்பினேன். பிரித்துப் பார்த்தபோது சுருள் ஒன்றும் இல்லை. திருகின் கழுத்தைத் தாங்கும் குதிரைலாட வடிவத் துண்டின் முகம் செங்குத்தாகக் கடையப்படவில்லை; ஒரு விளிம்பு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது, மறுபக்கத்தில் தொழிற்சாலையின் கருவித் தடங்கள் அப்படியே இருந்தன. எண்ணெய்க் கல்லில் தேய்த்துச் சமப்படுத்தியதில் பாதி குறை தீர்ந்தது, மீதி இருக்கிறது.

சக்கின் உடல் உறுதியானது, தாடைகளின் வாய் இன்னும் தேய்ந்து விரியவில்லை, நான் கெடுத்த குழல் எதற்கும் இது காரணமில்லை. இருந்தும் இதே சக்கை வாங்கும்படி நண்பரிடம் சொல்லவில்லை, நானும் மறுபடி வாங்க மாட்டேன். நான்கு தாடைச் சக்கையே வாங்குங்கள், ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் நான்கு திருகுகளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் திருப்பிப் பாருங்கள் என்றேன். நான் வாங்கிய அன்று, முதல் இரண்டு திருகுகளை மட்டுமே திருப்பிப் பார்த்தேன்.