எல்லை மாற்றம், பிளான் அப்ரூவல் இரண்டும் ‘ஒரே பேக்கேஜ்’ என்று சொல்பவரிடம் உஷாராக இருங்கள்

நிலத்தின் எல்லையைக் கொஞ்சம் மாற்றிவிட்டு அதில் கட்டடம் கட்ட நகர நிர்வாகத்திடம் அனுமதி வாங்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்த பிறகு ஆள் தேடுங்கள். அனுமதி வாங்கித் தரும் ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் எங்களையும் பக்கத்து மனைக்காரரையும் மாதக்கணக்கில் ஏமாற்றினார். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர் ஏமாற்றிய முறையைத்தான் எழுதுகிறேன், இதே முறையில் வேறு ஒருவர் உங்களிடமும் வரலாம்.

எங்கள் மனைக்கும் பக்கத்து மனைக்கும் நடுவே எல்லைக்கோடு நேராகப் போகாது, கோணலாக வளைந்திருக்கும். பக்கத்து மனைக்காரருக்கு வண்டி உள்ளே வர முன்பக்கம் அகலம் வேண்டும், எங்களுக்குப் பின்பக்கம் நேராக வேண்டும். பேசினோம், இரண்டு வீட்டுக்கும் சம்மதம், எந்தத் தகராறும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் இந்த ஆள் வந்தார். “எல்லை மாத்துறது, பில்டிங் பிளான், ரெண்டையும் சேர்த்தே முடிச்சிடலாம் சார், நீங்க ஆபீஸ் பக்கமே வர வேண்டாம்” என்றார். முன்பணமும் வாங்கிக்கொண்டார், அசல் பத்திரங்களையும் வாங்கிக்கொண்டார்.

அவர் செய்தது என்ன தெரியுமா? எல்லை மாற்றத்துக்கு விண்ணப்பமே போடவில்லை. புது எல்லை ஏற்கெனவே அமலுக்கு வந்துவிட்டது போல வரைந்து, அதன் மேல் வீட்டு பிளானைப் போட்டு வைத்திருந்தார். கேட்கும்போதெல்லாம் “ஃபைல் பரிசீலனையில இருக்கு” என்பார். ஆதாரமாக ஒரு ரசீதைக் காட்டுவார். கடைசியில் நாங்களே அலுவலகத்துக்குப் போய் அந்த ரசீது எண்ணைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னபோது, அது முன்ஆலோசனைக்கு, அதாவது விண்ணப்பம் போடுவதற்கு முன் அலுவலகத்தில் யோசனை கேட்பதற்குக் கட்டிய தொகை, விண்ணப்ப எண்ணே கிடையாது என்று கவுன்ட்டரில் இருந்தவர் சொன்னார். அவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கியிருக்காவிட்டால் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

இரண்டு உரிமையாளர்கள் வாய்ப்பேச்சாக ஒத்துக்கொண்டால் எல்லை மாறிவிடாது. வேலியை நகர்த்தி நட்டாலும் மாறாது. பொதுவாக உரிமம் பெற்ற நில அளவர் களத்தில் அளந்து கொடுத்த வரைபடம் வேண்டும், இரண்டு பக்கமும் கையெழுத்து வேண்டும், ஏதாவது ஒரு மனை அடமானத்தில் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். பக்கத்து மனைக்குக் கடன் இருப்பது அந்த ஆலோசகருக்கு முதல் நாளே தெரியும், ஆனால் வங்கிக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. இதையெல்லாம் பார்த்து நிர்வாகம் ஒப்புக்கொண்ட பிறகு, புது அளவுகளோடு பத்திரம் பதிவாக வேண்டும். சில இடங்களில் எல்லை மாற்றத்தையும் கட்டட பிளானையும் ஒரே சமயத்தில் பரிசீலிப்பார்கள், அது உண்மைதான். ஆனாலும் எல்லை மாற்றத்துக்கு என்று தனி விண்ணப்பம் உள்ளே இருக்க வேண்டும், அது முடியாமல் கட்டட அனுமதி கைக்கு வருவது கஷ்டம்.

அவர் கொடுத்த ‘சர்வே’ இன்னொரு கொடுமை. பழைய வரைபடத்தைப் பிரதி எடுத்து, மூலைகளுக்கு போன் செயலியில் வந்த ஜிபிஎஸ் எண்களை எழுதியிருந்தார். திறந்த வெளியில்கூட போன் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் வரை தவறக்கூடியது. கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய செட்பேக் இடைவெளியே பல சமயம் அதைவிடக் குறைவு! இதை வைத்து எல்லை போட்டால் சுவர் யார் நிலத்தில் நிற்கும்? பிறகு உண்மையான அளவர் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியோடு வந்து, புதைந்து கிடந்த பழைய எல்லைக் கல்லைத் தேடி எடுத்து அளந்தார். இத்தனை வருஷமாக எல்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த வேலி, உண்மையான கோட்டில் இல்லவே இல்லை.

எனக்கு ரொம்பக் கோபம் வந்தது பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில். அந்த ஆள் வரைந்தபடி கோட்டை நகர்த்தினால், ஏற்கெனவே முறைப்படி அனுமதி வாங்கிக் கட்டிய அவர் வீட்டின் பின்சுவர் எல்லைக்கு மிகப் பக்கத்தில் வந்து, செட்பேக் விதியை மீறிய வீடாகிவிடும். மனையின் பரப்பு குறைந்தால் கட்டக்கூடிய அளவும் குறையும் என்பதையும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. உதாரணமாக, தளப்பரப்பு விகிதம் (எல்லாத் தளங்களையும் சேர்த்து மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 1.5 என்றால் 600 சதுர மீட்டர் மனையில் 900 சதுர மீட்டர் கட்டலாம். அதில் 60 சதுர மீட்டர் போய்விட்டால் 810 தான். நாளைக்கு மாடி எடுக்க நினைத்தால் அவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு! எல்லை மாற்றம் என்றால் இரண்டு மனையும் விதிக்குள் நிற்க வேண்டும், அதைக்கூடப் பார்க்காத ஒருவர் எதற்கு ஆலோசகர்?

அப்புறம் கைமாறும் அந்தத் துண்டுக்கு அடியில் சாக்கடைக் குழாய் போகிறது, அதைப் பராமரிக்க உள்ளே வரும் உரிமை நிர்வாகத்துக்கு ஆவணத்திலேயே இருக்கிறது. எல்லை மாறினாலும் அந்த உரிமை மாறாது, அந்தக் குழாயின் மேல் அந்த ஆலோசகர் எங்களுக்கு ஓர் அறையே வரைந்து வைத்திருந்தார்.

ஆகவே யாரை அமர்த்தினாலும், விண்ணப்பம் போட்ட அன்றே விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். எல்லை மாற்றத்துக்கு ஓர் எண், கட்டடத்துக்கு ஓர் எண். அந்த எண்ணை அலுவலகத்திலோ இணையதளத்திலோ நீங்களே போட்டுப் பாருங்கள். நிர்வாகம் குறை சொல்லி அனுப்பும் கடிதங்கள் நேராக உங்களுக்கும் வரும்படி உங்கள் முகவரியையும் மின்னஞ்சலையும் விண்ணப்பத்தில் கொடுங்கள், அவருடையதை மட்டும் போட்டால் எதுவும் உங்கள் கண்ணில் படாது. நில அளவரை நீங்களே தனியாக அமர்த்துங்கள், அவருடைய உரிம எண்ணையும் சரிபாருங்கள். பணத்தை ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகு கொடுப்பதாக எழுதி வாங்குங்கள். அசல் பத்திரத்தை மட்டும் யாரிடமும் விடாதீர்கள், சரிபார்க்க அசல் வேண்டும் என்றால் நீங்களே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வாருங்கள். எங்கள் பத்திரங்களைத் திரும்ப வாங்க வக்கீல் நோட்டீஸ் விட வேண்டியிருந்தது. முன்பணம் இன்னும் வரவில்லை. எல்லை மாற்ற விண்ணப்பத்தை இப்போது முறைப்படி போட்டிருக்கிறோம், வங்கியின் சம்மதக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறோம். அது முடியும்வரை வீட்டு பிளானை உள்ளே கொடுப்பதாக இல்லை.