தாய்ப்பால் ஊற பொடின்னு இன்ஸ்டாவுல விக்கறாங்க, ஏமாறாதீங்க

தண்டையார்பேட்டையில என் தங்கச்சிக்கு நடந்தது இது. பச்சை உடம்புக்காரங்க இருக்கற வீட்டுக்கெல்லாம் அனுப்பிடுங்க.

தலைப்பிரசவம். ராத்திரி பூரா குழந்தை அழுதுட்டே இருக்குன்னு போன்ல தேடினப்போ "தாய்ப்பால் ஆலோசகர்"னு ஒரு இன்ஸ்டா பக்கம் கிடைச்சிருக்கு. வாட்ஸ்அப்புல இலவச ஆலோசனையாம். குழந்தை அழற வீடியோவைக் கேட்டு வாங்கிட்டு, "உங்களுக்குப் பால் பத்தலை சிஸ்டர்"னு பதில். எடை என்ன, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது, ஒரு கேள்வி கிடையாது. அடுத்த மெசேஜே ஜிபே நம்பர். பொடி ஒரு டப்பா 2,400 ரூபாய்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. பொடி வேலை செய்யற வரைக்கும் குழந்தைக்கு சர்க்கரைத் தண்ணி குடுங்கன்னு சொல்லியிருக்காங்க பாருங்க, அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர தண்ணிகூட குடுக்கக் கூடாது. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சர்க்கரைத் தண்ணியில வயிறு ரொம்பின குழந்தை சப்பாது, இருக்கற பாலும் குறைஞ்சுடும். மீன் சாப்பிட்டா பால் கெட்டுடும்னு வேற சொல்லி, காசிமேட்டு மீனே பழகின வீட்டுல அவளுக்கு வெறும் ரசஞ்சோறு.

குழந்தை சோர்ந்து போய் டயபர் சரியா நனையலைன்னதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் பார்த்து, எடை போட்டாங்க. அப்புறம் நர்ஸம்மா தங்கச்சி பக்கத்துலயே உக்காந்து, பால் குடுக்கச் சொல்லிப் பார்த்தாங்க. "ஏம்மா, காம்பு நுனியை மட்டும் குடுத்தா அது எப்படிம்மா குடிக்கும்?"னு கேட்டுட்டு, குழந்தை வாயை நல்லாத் திறக்கற வரைக்கும் காத்திருந்து, காம்பைச் சுத்தி இருக்கற கருவட்டமும் உள்ளே போற மாதிரி மாரோட அணைச்சு வெச்சாங்க. தாடை மார்ல பட்டுது, கீழ் உதடு வெளியே மடங்குச்சு. கொஞ்ச நேரத்துல மடக் மடக்னு முழுங்கற சத்தம். தங்கச்சி அழுதுட்டா. பால் அவகிட்ட இருந்திருக்கு. முதல் வாரம் தாண்டின குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போய், எடையும் ஏறினா பால் பத்துதுன்னு அர்த்தம்னு சொன்னாங்க.

அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் (உணவுப் பாதுகாப்பு உரிம எண்) இல்லை, என்னென்ன சேர்த்திருக்குன்னு இல்லை, தயாரிச்ச இடமும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக் பண்ணிட்டாங்க.

சந்தேகம்னா 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம். குழந்தை சோர்ந்து கிடந்தா போனைப் பார்த்துட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நீங்களும் இப்படி வாங்கியிருந்தா டப்பா, ஜிபே ரசீது, சாட் எதையும் அழிச்சுடாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915. நாங்க புகார் குடுத்திருக்கோம், நீங்களும் குடுங்க.