23,600 ரூபாயும் போச்சு, நாகப்பட்டினமும் போச்சு

எங்கள் கதை விளையாட்டின் இணையதளத்தை வைத்திருந்த அந்த ஆளுக்கு நேற்று இரவு பதினொன்றரைக்குக் கடைசியாகப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். சரி, இனி எழுதிவிட வேண்டியதுதான்.

எழுத்திலேயே ஆடும் ரோல்பிளே தெரியாதவர்களுக்கு: ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, முறை வைத்து, அந்தப் பாத்திரம் செய்வதையும் பேசுவதையும் எழுதுவோம். வாள்வீச்சு பட்டதா, பொய் எடுபட்டதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். எங்கள் கதை நடப்பது 1025இல், நாகப்பட்டினத்தில். ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்குக் கிளம்பப் போகின்றன. அதே ஊரில்தான், கடாரத்தையும் ஆளும் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய பௌத்தக் கோயிலான சூடாமணி விகாரமும் இருக்கிறது. படையெடுக்கப் போகிற நாட்டின் பணத்தில் எழுந்த கோயில் நம் துறைமுகத்தில்! இதைவிட நல்ல களம் கிடைக்குமா? பதினான்கு பேர் ஆடினோம். ஒருவர் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சேர்ந்த வணிகர், ஒருவர் பிக்கு. கதை நடத்துகிற நான் சுங்கக் கணக்கர். (குலோத்துங்கன் வந்து சுங்கம் தவிர்க்க இன்னும் நாற்பத்தைந்து வருஷமாவது இருக்கிறது, அதனால் வேலைக்கு ஆபத்தில்லை.)

முதலில் வாட்ஸ்அப்பில்தான் ஓட்டினோம். துறைமுகத்தில் கத்திச் சண்டை நடக்கும்போதே நடுவில் விகாரத்துத் தத்துவ விவாதம் வந்து விழும். புதிதாக வருகிறவருக்குக் கதை எங்கே தொடங்கியது என்றே தெரியாது. பகடையில் 20 விழுந்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். காட்சிக்கு ஓர் இழை, பாத்திரங்களுக்கு ஒரு பதிவேடு, யாரும் திருத்த முடியாத பகடைக் கணக்கு, இதெல்லாம் உள்ள தளம் தேவைப்பட்டது. அதற்கான இணைய மன்ற மென்பொருள், பிஎச்பிபிபி (phpBB) மாதிரி, இலவசம்தான். அது எனக்குத் தெரியும். நிறுவத்தான் பயம்.

அந்தப் பயத்துக்கு விலை 23,600 ரூபாய்.

சிறிய ஹோஸ்டிங் கடை ஒன்று, அதாவது இணையதளம் வைக்க சர்வரில் இடம் தருகிற கடை. நண்பரின் நண்பர் கைகாட்டினார். கடைக்காரர் விலை பேசவே இல்லை. "முதல்ல உங்க கதையைப் படிக்கணும் சார்" என்றார். இரண்டு நாள் கழித்து ராத்திரி பத்து மணிக்கு அழைத்தார். "அந்த பிக்கு கடாரத்துக்காரங்களோட ஒற்றன்தானே சார்?"

மற்ற பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்காத ரகசியம் அது. பிக்குவாக ஆடுகிறவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். அதோடு விட்டாரா, தானும் ஆட வந்தார். அரபு நாட்டுக் குதிரை வியாபாரி. மூன்று காட்சி எழுதினார், நன்றாகவே எழுதினார், அதை இப்போது சொல்லும்போதும் வயிறு எரிகிறது. அந்த வியாபாரி கதையில் படைத்தலைவரிடம் முன்பணம் வாங்கியிருந்தான். குதிரை இன்றுவரை இறங்கவில்லை.

அப்புறம்தான் விலை வந்தது. ஆயுள் முழுக்க ஹோஸ்டிங், டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), தினசரி பேக்கப் எல்லாம் சேர்த்து 20,000. ஜிஎஸ்டி 3,600. யூபிஐயில் அவருடைய சொந்த எண்ணுக்கே அனுப்பினேன். "பில் மாசக் கடைசில மொத்தமா வரும் சார்." எந்த மாசக் கடைசி என்று நானும் கேட்கவில்லை. அந்த 3,600 அரசாங்கத்துக்குப் போயிருக்கும் என்று நம்புகிறவர்கள் கை தூக்குங்கள்.

ஏழு மாதம் நன்றாக ஓடியது. நாலாயிரம் பதிவுக்கு மேல் சேர்ந்தது. போன செவ்வாய்க்கிழமை காலையில் திறந்தால் வெள்ளைப் பக்கம்.

முதல் நாள்: "சர்வர் மாத்திக்கிட்டிருக்கோம் சார், மதியம் வந்துடும்."

இரண்டாம் நாள்: "டிக்கெட் போட்டீங்களா? டிக்கெட் போட்டாத்தான் டீம் பார்ப்பாங்க." டீம் என்று யாரும் கிடையாது. டிக்கெட்டுக்குப் பதில் எழுதியதும் இவரேதான், அதே எழுத்துப்பிழைகளோடு.

மூன்றாம் நாள் நான் கத்தினேன். தினசரி பேக்கப் எங்கே என்றேன். "பேக்கப்பும் அதே சர்வர்லதான் சார் இருந்துச்சு."

நான்காம் நாள், மீட்டுத் தர இன்னும் 8,000 கேட்டார். மறுத்ததும் நீல டிக் வருவது நின்றது. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று அப்போதுதான் தேடிப் பார்த்தேன். அவருடைய கடை பெயரில். ஏழு மாதமாக வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா, நர்ஸ். நைட் டியூட்டியில் இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் போனில் எழுதுவார். அவர் பாத்திரம் தோணிக்காரி. அவரிடம் சொல்லவே எனக்கு ஒரு நாள் ஆயிற்று. கேட்டுவிட்டு, "சரி தம்பி, என் தோணி எங்க?" என்றார். 23,600 போனதைவிட அந்தக் கேள்விதான் தூங்க விடவில்லை.

ஐந்து ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொறுமையில்லை, நினைவுக்கு வருவதைச் சொல்கிறேன். டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். 'ஆயுள் முழுக்க' என்றால் ஓடிவிடுங்கள், ஒரு டாட் காம் பெயரை அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் பதிவு செய்யவே முடியும். பிஎச்பிபிபியின் நிர்வாகப் பக்கத்திலேயே, பதிவுகள் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸைப் பிரதி எடுக்க வழி இருக்கிறது, வாரம் ஒருமுறை உங்கள் கணினிக்கு இறக்குங்கள். ஏற்றிய படங்கள் அதில் வராது, அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். நான் இது எதையும் செய்யவில்லை. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள், என்னைப் போல நான்கு நாள் மரியாதை பார்க்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 23,600 திரும்ப வரும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

இன்னொன்றும் இருந்தது, அப்புறம் எழுதுகிறேன். அக்கா அழைக்கிறார். துறைமுகக் காட்சிகளில் சிலவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறாராம்.