ஆட்டோமேடிக் ஆயில் சிஸ்டம் வாங்கவிருக்கும் ஐஸ் கம்பெனிக்காரர்களின் கவனத்திற்கு

தொண்டியில் ஐஸ் கம்பெனி நடத்தும் ஒருவர் சென்ற வாரம் என்னைத் தொலைபேசியில் அழைத்து, ஐஸ் கட்டியைப் பொடிக்கும் எங்கள் கிரஷரில் பொருத்திய, தானாக எண்ணெய் விடும் ஆட்டோமேடிக் ஆயில் சிஸ்டம் மிக நன்றாக ஓடுவதாகக் கேள்விப்பட்டேனே என்று விசாரித்தார். எங்களுக்கு அதை விற்றவர், பொருத்திய அன்று எடுத்த படத்தை இன்றும் ஊர் ஊராகக் காட்டி வியாபாரம் செய்துவருகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தில் இருப்பது மண்டபம் அருகே உள்ள எங்கள் இயந்திரம்தான். அது நன்றாக ஓடவில்லை என்பதை நானே எழுதிவிடுவது நல்லது.

கிரஷரில் இரண்டு பேரிங், பொடித்த ஐஸை வண்டியில் ஏற்றும் கான்வேயரின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு, செயினில் இரண்டு இடம் என எட்டு இடங்களுக்கு எண்ணெய் தேவை. முன்பு எல்லா இடத்திலும் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. மேலே உள்ள குமிழை நிமிர்த்தினால் ஊசி விலகும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழுகிறது என்று கண்ணால் எண்ணிக்கொள்ளலாம். ஆள் மறந்தால் எண்ணெய் இல்லை என்பது மட்டுமே அதிலிருந்த குறை. விற்பனையாளர் அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு, டைமர் வைத்த மோட்டார் பம்பும், எண்ணெயை எட்டு இடத்துக்கும் பிரித்து அனுப்பும் எட்டு வழி டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கும் கொண்ட சிஸ்டத்தை 46,000 ரூபாய்க்கு விற்றார். பிளாக் புரோகிரஸிவ் வகை என்றும், உள்ளே உள்ள பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து ஒவ்வொரு வழிக்கும் அளந்த எண்ணெயைத் தள்ளும் என்றும், ஒரு வழி அடைத்தாலும் மொத்தமும் நின்று அலாரம் அடிக்கும் என்றும் அவர் சொன்னார். அந்த வகையைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் உண்மை. எங்களுக்குத் தந்தது அந்த வகை இல்லை.

பொருத்தியது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கிடந்தன, எங்களுக்கும் ஐஸ் ஓட்டம் இல்லை. கிரஷரை வெறுமனே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, முழுப் பணத்தையும் வாங்கிச் சென்றார். தடை முடிந்து படகுகளுக்கு இரவும் பகலும் ஐஸ் அரைக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, கான்வேயரின் மேல்முனையில் கருகல் வாடை வந்தது. நிறுத்திப் பார்த்தால் பேரிங்கில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. ஷாஃப்டு நீலம் பாய்ந்து, துரு நிறத்தில் பொடி கொட்டிக் கிடந்தது. அதே நேரத்தில் பம்புக்குப் பக்கத்திலிருந்த கிரஷர் பேரிங்குகள் எண்ணெயில் குளித்து, வழிந்தது பொடி ஐஸில் சொட்டிக்கொண்டிருந்தது. "என்னண்ணே, ஐஸ்ல மஞ்சளா எண்ணெய் மிதக்குது" என்று ஒரு படகுக்காரர் முதல் நாளே கேட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டது என் தவறு.

மறுநாள் எங்கள் பழைய ஃபிட்டர் பிளாக்கைக் கழற்றி, பக்கவாட்டு பிளக் ஒன்றைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "தம்பி, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார். எட்டு பிளக்கையும் திறந்தோம். பிஸ்டன் ஒன்றுகூட இல்லை. நடுவில் நீளமாக ஒரு துளை, அதிலிருந்து எட்டுக் கிளைத் துளைகள், வெளியே மட்டும் பிஸ்டன் பிளாக்கைப் போன்ற தோற்றம். அப்படிப்பட்ட கட்டையில் எண்ணெய் தனக்கு எளிதான வழியிலேயே போகும். பம்பிலிருந்து இரண்டடியில் இருந்த கிரஷருக்கு எல்லாம் போயிற்று, நாற்பதடி தள்ளி உயரத்தில் இருந்த முனைக்கு ஒன்றும் ஏறவில்லை. நாங்கள் ஊற்றும் 68 ஆம் நம்பர் எண்ணெயின் அந்த எண், 40 டிகிரி செல்சியஸில் அளந்த பாகுத்தன்மை. ஐஸ் பக்கத்துக் குளிரில் அது இன்னும் கெட்டியாகிவிடும் என்பதால், நீண்ட குழாயில் நகர்வது மேலும் கடினம்.

இரண்டாவது கோளாறு ஆகஸ்டில் தெரிந்தது. குழாய் இணைப்புகள் எல்லாம் பித்தளை நட்டு, செம்புக் குழாய். ஐஸ் உறைய வைக்க அம்மோனியா பயன்படுத்துவதால், கம்பிரஸர் அறையை ஒட்டிய இடத்தில் அதன் வாடை எப்போதும் கொஞ்சம் இருக்கும், கடற்காற்றின் ஈரமும் சேரும். ஐந்து நட்டுகள் நீளவாக்கில் முடிபோன்ற கீற்றாக வெடித்திருந்தன. பிரிட்டிஷ் காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் இப்படித்தான் வெடித்தன என்பதும், குதிரைச் சிறுநீரின் அம்மோனியாவே அதற்குக் காரணம் என்று 1921இல் விளக்கப்பட்டது என்பதும் உலோகம் படித்தவர்களுக்குத் தெரிந்த செய்தி. ஐஸ் கம்பெனிக்கு விற்பவர் இரும்போ எவர்சில்வரோ கொண்டுவந்திருக்க வேண்டும்.

விற்றவரிடம் கேட்டபோது முதலில் எங்கள் எண்ணெய் தரமில்லாதது என்றார், பிறகு உப்புக் காற்று என்றார், கடைசியில் நாங்களே பிளாக்கைத் திறந்ததால் வாரண்டி போயிற்று என்றார். பில்லில் "லூப்ரிகேஷன் சிஸ்டம் 1 செட்" என்பதைத் தவிர வகையோ மாடலோ எதுவும் எழுதப்படவில்லை. இராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை, சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் தொழிலுக்கு மட்டும் விலக்கு உண்டு, பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் உங்களுக்கு அது பொருந்துவது கடினம் என்றார். சிவில் வழக்கு போட்டால் ஆகும் செலவைக் கணக்குப் பார்த்து அதோடு விட்டேன்.

யாராவது இதே படத்தைக் காட்டி விற்க வந்தால், பணம் கொடுக்கும் முன் குழாய்களை இயந்திரத்தில் மாட்டாமல் எட்டு முனைகளையும் எட்டு பாட்டில்களில் விட்டுப் பம்பை ஓட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு முனையை மட்டும் பிளக் போட்டு அடையுங்கள். புரோகிரஸிவ் பிளாக் என்றால் சற்று நேரத்தில் மற்ற ஏழும் நின்று, பிரஷர் ஏற வேண்டும். மற்ற ஏழும் ஒழுகிக்கொண்டே இருந்தால் உள்ளே பிஸ்டன் இல்லை, அல்லது அது ஒவ்வொரு வழியிலும் சிறு துளை மட்டும் வைத்து எண்ணெயைப் பிரிக்கும் வெறும் சிறுதுளை வகை. குட்டைக் குழாய்க்கும் மெல்லிய எண்ணெய்க்கும் சிறுதுளை வகை போதும்தான், ஆனால் அதை அந்தப் பெயரிலும் அந்த விலையிலும் விற்க வேண்டும்.

கிரஷரில் இப்போது மறுபடியும் கண்ணாடிக் குப்பிகள்தான், அவற்றிலும் பித்தளை அடிப்பாகம் உள்ளவற்றை நீக்கிவிட்டோம். ஷிப்டு மாறும்போது குமிழை நிமிர்த்தவும், வேலை முடிந்ததும் சாய்க்கவும் ஒரு ஆள் இருக்கிறார். அந்தப் பொய்க் கட்டையை எடைக்குப் போடவில்லை, அலுவலக மேசையில் பிளக்குகளைத் திறந்தே வைத்திருக்கிறேன். தொண்டிக்காரர் வரும் சனிக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்.