பழைய பைபர் வள்ளமும் 9.9 இஞ்சினும்: கேட்கிற விலைக்குத் தகுமா?

குமரிக் கடற்கரையில் பழைய பைபர் வள்ளத்தை 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் இஞ்சினோடு சேர்த்து, பெரும்பாலும் ஒரே விலையாகத்தான் சொல்வார்கள். அந்த ஒற்றை விலைக்குத் தலையாட்ட வேண்டாம். உடல், இஞ்சின், காகிதம், வலை என்று தனித்தனியே விலை போட்டுக் கூட்டுங்கள். நல்ல யார்டில் வார்த்த வள்ளம் பத்து வருடமானாலும் தாராளமாக வாங்கலாம். மண்ணெண்ணெயில் மூன்று வருடம் ஓடிய இஞ்சினுக்குப் பெரிய விலை கொடுக்கக் கூடாது.

முதலில் உடல். விற்கும் முன் அடித்த புது பெயின்டை நம்பாதீர்கள். வள்ளத்தைச் சாய்த்து, அடியில் முதுகெலும்புபோல் நீளமாக ஓடும் ஏராவின் அடியைப் பாருங்கள். அலைக்கரையில் மணலில் இழுத்து ஏற்றும் வள்ளம் அங்கேதான் முதலில் தேயும். விரலால் தடவும்போது வெள்ளை நாராகக் கண்ணாடி இழை நெருடினால் ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்பூச்சு போய்விட்டது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். பிறகு சின்னச் சுத்தியலின் பிடியால் ஒரு சாண் இடைவெளியில் உடல் முழுக்கத் தட்டுங்கள். டக் டக் என்று கெட்டியாக ஒலிக்க வேண்டும். சத்தம் மந்தமாகும் இடத்தில் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பின் அடுக்குகள் பிரிந்திருக்கும்.

விரிசலும் எல்லாம் ஒன்றல்ல. நட்சத்திரம்போல் ஒரே புள்ளியில் தெறித்திருந்தால் எங்கோ மோதியது. ஒட்டு போட்டால் சரியாகும். உள்ளே விலா எலும்புபோல் குறுக்கே நிற்கும் வங்குக்கால் ஓரமாகக் கோடு கோடாக ஓடினால் உடல் மெல்லிசு, ஒவ்வொரு அலைக்கும் வளைகிறது. இரண்டு வங்குக்கால்களுக்கு நடுவே முழங்காலால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு தேவை திடீரென்று கூடியபோது, அவசரத்தில் அடுக்கு குறைத்து வார்த்தவையும் கடலுக்கு வந்தன. அந்தக் காலத்து உடல் எவ்வளவு பளபளத்தாலும் குறைத்தே மதிப்பிடுங்கள்.

பழைய ஒட்டுகளையும் கவனியுங்கள். நான்கு மில்லிமீட்டர் சுவரில் ஓட்டை விழுந்தால் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டராவது சரிவாகத் தேய்த்து, அதன்பின் மேட் போட வேண்டும். தேய்க்காமல் மேலே ரெசின் பசை பூசி ஒட்டினால் ஓரம் தூக்கி நிற்கும், ஒரு சீசனில் உரிந்துவிடும்.

விலையை அதிகம் இறக்குவது இஞ்சின் மாட்டும் பின்பலகைதான். உள்ளே இருப்பது பிளைவுட். போல்ட் ஓட்டையைச் சரியாக அடைக்காவிட்டால் அது வழியே உப்புத்தண்ணீர் ஏறி பிளைவுட் ஊறிப்போகும். இஞ்சினைத் தூக்கிய நிலையில் வைத்து, அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அமுக்குங்கள். பலகை அசைந்தாலோ, போல்ட் ஓரம் பழுப்புத் தண்ணீர் கசிந்தாலோ முழுதாகப் பிரித்துப் புது மரைன் பிளை வைக்க வேண்டியதுதான். அந்தச் செலவை விலையில் அப்படியே கழியுங்கள், பாதியாக்கிப் பேச இடம் கொடுக்காதீர்கள்.

அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், இருக்கும் மிதவை அறையும் ஏமாற்றும். உள்ளே தெர்மோகோல் இடுக்கில் தண்ணீர் தேங்கினால் வள்ளம் கனத்துப்போய் எரிபொருளை விழுங்கும். அடைப்பானைத் திறந்து, அணியத்தை உயர்த்தி, தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள்.

இஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். போனதுமே மூடியைத் தொடுங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றியபின் தடுமாறாமல் ஓட வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் சீராகப் பீச்ச வேண்டும். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் பிஸ்டன் வேலை காத்திருக்கிறது. கியர் ஆயில் திருகைத் தளர்த்தி இரண்டு சொட்டு வடியுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. பெரும்பாலும் வள்ளத்தைத் தள்ளும் ஃபேன் பின்னால் நைலான் நரம்பு சுற்றி அறுத்திருக்கும். சீல் மலிவு, தண்ணீரோடு பல நாள் ஓடிய கியர் மலிவல்ல.

கணக்கு போடும் விதம் இதுதான். எண்கள் புரிவதற்காக மட்டும். அதே நீளத்தில் புது உடல் இன்று 3,00,000 ரூபாய் என்று வையுங்கள். 12 வருட ஆயுள், கடைசியில் 20 சதவீதம் மிச்சம் என்று கொண்டால் ஆறு வருட உடல் 1,80,000. பின்பலகைக்கு 35,000, ஏரா ஒட்டுக்கு 10,000 கழித்தால் 1,35,000. புது இஞ்சின் 1,50,000 என்றால் மூன்று வருட மண்ணெண்ணெய் இஞ்சினுக்கு 40 சதவீதம், 60,000. சீலுக்கும் பம்புக்கும் 5,000 போக 55,000. மொத்தம் 1,90,000. வலையைக் கண்ணால் பார்த்துத் தனியாகச் சேருங்கள். பிறகு அதே கரையில் அண்மையில் கைமாறிய இரண்டு மூன்று வள்ளங்களின் விலையோடு ஒப்பிடுங்கள். கேட்ட விலை வேண்டாம், பணம் கைமாறிய விலைதான் கணக்கு. பெரிய வித்தியாசம் வந்தால் எதையோ பார்க்கத் தவறியிருக்கிறோம்.

காகிதம் இல்லாத வள்ளத்துக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. மீன்வளத் துறைப் பதிவு எண் அணியத்தில் எழுதியிருப்பதும் சான்றிதழில் இருப்பதும் ஒன்றா, இஞ்சின் எண் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். பதிவு பெயர் மாறாமல் மானிய எரிபொருள் உங்கள் பெயருக்கு வராது. மானியத்திலோ கூட்டுறவுச் சங்கக் கடனிலோ வாங்கியது என்றால், விற்கத் தடை எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்கியபின் முன்பணம் கொடுங்கள்.